ரோபோ உதவியுடன் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், முன்பெல்லாம் நோயாளியின் கவலை இரண்டே கேள்விகளில் அடங்கிவிடும்: எவ்வளவு வலிக்கும், எவ்வளவு செலவாகும். இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வழக்கமான முறையில் செய்துகொள்வதா, ரோபோ உதவியுடன் செய்துகொள்வதா என்ற முடிவைப் பல மருத்துவமனைகள் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமுமே விட்டுவிடுகின்றன. எலும்பு மூட்டுப் பிரிவில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் நான், அறுவை முடிந்த நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி முதன்முதலாக நிற்கவைக்கும் இடத்தில் இருக்கிறேன். அறுவை அரங்கில் எந்தக் கருவி இருந்தது என்பதைக் காட்டிலும், நோயாளி எவ்வளவு தெரிந்துகொண்டு, எவ்வளவு ஆயத்தமாக வந்தார் என்பதே அடுத்த மூன்று மாதங்களை அதிகமாகத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆயத்தத்துக்கு உதவுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

அறுவை சிகிச்சை தேவையா என்ற கேள்வி

மூட்டுத் தேய்மானத்துக்குச் செய்யப்படும் மாற்று அறுவை சிகிச்சை, ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, நாள் பார்த்துத் திட்டமிட்டுச் செய்யக்கூடியது. இந்த வாரமே செய்தாக வேண்டும் என்று யாராவது அவசரப்படுத்தினால், இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேட்டுவிடுவது நல்லது. எலும்போடு எலும்பு உரசுவது எக்ஸ்ரேயில் தெரிகிறது என்பது மட்டும் போதுமான காரணம் ஆகாது. படத்தில் மோசமாகத் தேய்ந்திருக்கும் மூட்டுடன் தினமும் சந்தைக்கு நடந்து போய் வருபவர்களும் இருக்கிறார்கள். எடைக் குறைப்பு, தொடைத் தசைக்கான பயிற்சி, வலி மாத்திரை, தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஊசி ஆகியவற்றை முறையாகச் சில மாதங்கள் செய்த பிறகும் தெருமுனை வரை நடக்க முடியவில்லை, இரவில் வலி தூக்கத்தைக் கலைக்கிறது, கால் வில்லாக வளைந்துகொண்டே போகிறது என்றால் அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.

எக்ஸ்ரேயை நின்ற நிலையில் எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் எடுத்த படத்தில் மூட்டின் மீது உடல் எடை இறங்காததால், தேய்ந்துபோன இடத்திலும் இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும். இடுப்பு மூட்டிலோ முதுகுத் தண்டிலோ உள்ள கோளாறு முழங்கால் வலியாக வெளிப்படுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் தேய்மானம் குறைவாகவும் வலி அதிகமாகவும் இருந்தால் அவற்றையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூட்டு மாற்று என்ற பெயர் பலரை அச்சுறுத்துகிறது. முழங்காலையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவார்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சொத்தைப் பல்லைச் சீவி அதன் மேல் உறை போடுவதைப் போன்றதுதான் இது. தொடை எலும்பின் கீழ்முனையிலும் கால் எலும்பின் மேல்முனையிலும் தேய்ந்த பகுதி, பொதுவாக 8 முதல் 10 மில்லிமீட்டர் அளவுக்குச் சீவி எடுக்கப்படுகிறது. தொடை எலும்பின் முனையில் பெரும்பாலும் கோபால்ட் குரோமியம் கலந்த உலோக உறையும், கால் எலும்பின் மேல் டைட்டானியம் அல்லது கோபால்ட் குரோமியத் தட்டும், இரண்டுக்கும் நடுவே உரசலைத் தாங்கும் பாலிஎத்திலீன் தகடும் பொருத்தப்படுகின்றன. இவற்றைப் பெரும்பாலும் எலும்பு சிமென்ட் கொண்டு ஒட்டுவார்கள். மூட்டின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, தசைநார்கள் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மூட்டு மாற்று சிகிச்சையும் உண்டு. அது உங்களுக்குப் பொருந்துமா என்று கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் பொருந்தும் இடத்தில் அது சிறிய அறுவையாகவும் விரைவில் தேறக்கூடியதாகவும் இருக்கிறது.

ரோபோ எந்த வேலையைச் செய்கிறது

எலும்பை எந்தக் கோணத்தில், எத்தனை மில்லிமீட்டர் சீவுவது என்பதுதான் இந்த அறுவையின் உயிர்நாடி. வழக்கமான முறையில் தொடை எலும்பின் நடுத்துளைக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி, அதையும் வெளியே பொருத்தும் அளவுச் சட்டங்களையும் வைத்து, அறுவை மருத்துவர் தம் கண்ணாலும் கைப்பழக்கத்தாலும் கோணத்தை முடிவு செய்கிறார். ரோபோ முறையில் அந்த அளவெடுக்கும் வேலையைக் கணினியும் அகச்சிவப்புக் கேமராவும் எடுத்துக்கொள்கின்றன; வெட்டும் கருவி திட்டமிட்ட எல்லையைத் தாண்டாமல் ஓர் இயந்திரக் கை பார்த்துக்கொள்கிறது. தோலைக் கீறுவது, மூட்டைத் திறப்பது, திட்டத்தை முடிவு செய்வது, உலோகப் பாகங்களைப் பொருத்துவது, தைப்பது எல்லாம் மருத்துவரின் கைகளால்தான் நடக்கின்றன. இதைத் துளை வழி அறுவை என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். முழங்காலின் முன்புறம் சுமார் 10 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்தில் தழும்பு எந்த முறையிலும் இருக்கும்.

வயிறு, சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்குச் சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்தி, மருத்துவர் தள்ளி ஒரு மேசையில் அமர்ந்து இயக்கும் ரோபோ வேறு வகையைச் சேர்ந்தது. சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் உள்ள அரசு பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் 2022-இல் தொடங்கப்பட்ட ரோபோ அறுவை சிகிச்சை மையத்தைப் பற்றிய செய்திகளைப் படித்துவிட்டு, அதே கருவியால்தான் மூட்டையும் மாற்றுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. மூட்டு ரோபோவின் வரலாறு தனியானது. 1992-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இடுப்பு மூட்டு மாற்றுக்காக ரோபோடாக் என்ற கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்படுத்தப்பட்டது. முழங்காலுக்கான இன்றைய கருவிகள் பெரும்பாலும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்தவை.

அவற்றுள்ளும் வகைகள் உள்ளன. ஸ்ட்ரைக்கர் நிறுவனத்தின் மேக்கோ, அறுவைக்கு முன்பே இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றையும் சி.டி. ஸ்கேன் எடுத்து முப்பரிமாண வரைபடம் தயாரித்துக்கொள்கிறது; ரம்பம் அதன் இயந்திரக் கையிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஜிம்மர் பயோமெட்டின் ரோசா, எக்ஸ்ரேயைக் கொண்டோ, படம் இல்லாமலோ வேலை செய்யும். ரம்பம் எங்கே செல்ல வேண்டும் என்பதற்கான வழிச்சட்டத்தை அது சரியான இடத்தில் பிடித்துக்கொள்ள, மருத்துவர் அதன் வழியே வெட்டுகிறார். ஜான்சன் அண்ட் ஜான்சனின் வேலிஸ், ஸ்மித் அண்ட் நெஃப்யூவின் கோரி ஆகியவை ஸ்கேன் இல்லாமல் அறுவை அரங்கிலேயே எலும்பின் மேற்பரப்பைத் தொட்டு வரைபடத்தை உருவாக்கிக்கொள்கின்றன. திட்டம் உறுதியானதும் வெட்டுவதைத் தானே செய்யும் கியூவிஸ் போன்ற கொரிய நாட்டுக் கருவிகளும் இந்தியாவில் பயன்பாட்டில் உள்ளன. அப்போதும் மருத்துவர் அருகிலிருந்து கண்காணித்து, எந்த நொடியிலும் நிறுத்த முடியும். உங்கள் மருத்துவமனையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதைப் பொறுத்தே முன்கூட்டிய ஸ்கேன் தேவையா என்பது முடிவாகும்.

அரங்கில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மூட்டைத் திறந்ததும் தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் சிறு உலோக ஊசிகளைச் செலுத்தி, அவற்றின் மேல் கேமராவுக்குத் தெரியும் அடையாளக் குமிழ்களைப் பொருத்துகிறார்கள். பிறகு மருத்துவர் ஒரு கூர்முனைக் கோலால் எலும்பின் மேல் பல புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுகிறார். ஒவ்வொரு தொடுதலும் திரையில் பதிவாகி, நோயாளியின் எலும்பும் கணினியில் உள்ள வரைபடமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அடுத்து வரும் கட்டம்தான், என் பார்வையில், இந்தத் தொழில்நுட்பத்தின் மிகச் சிறந்த பகுதி. மருத்துவர் காலை நீட்டியும் மடக்கியும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் அழுத்திப் பார்க்கும்போது, இரு பக்கத் தசைநார்களும் எவ்வளவு தளர்வாகவோ இறுக்கமாகவோ இருக்கின்றன என்பது மில்லிமீட்டர் கணக்கில் திரையில் தெரிகிறது. நீட்டும்போது உள்பக்கம் இறுக்கமாக இருந்தால், வெட்டும் கோணத்தை ஒரு பாகையோ ஒரு மில்லிமீட்டரோ மாற்றி, அதன் விளைவு என்ன என்பதை எலும்பில் ரம்பம் படுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். எலும்பை வெட்டிய பிறகு அதை ஒட்டவைக்க வழியில்லை என்பதை நினைத்தால், இந்த முன்னோட்டத்தின் மதிப்பு புரியும்.

பலன் எந்த அளவுக்கு நிரூபணமானது

திட்டமிட்ட கோணத்திலும் அளவிலும் உலோகப் பாகங்களைப் பொருத்துவதில் ரோபோ முறை துல்லியமானது. குறிப்பிட்ட எல்லையைவிட்டு விலகிப் பொருத்தப்படும் மூட்டுகளின் எண்ணிக்கை இதில் குறைகிறது. தொடை எலும்பின் நடுத்துளைக்குள் கம்பி செலுத்த வேண்டிய தேவையும் இல்லை. முதல் சில வாரங்களில் வலி குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அந்தத் துல்லியம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து நோயாளிக்கு எந்த அளவு உதவுகிறது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் சொல்வதைப் போன்ற தெளிவான விடை இல்லை. தென் கொரியாவில் ரோபோ முறையிலும் வழக்கமான முறையிலும் அறுவை செய்துகொண்டவர்களைச் சராசரியாக 13 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வலி, மூட்டின் இயக்கம், மூட்டின் ஆயுள் எதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதில் பயன்பட்டது பழைய தலைமுறைக் கருவி என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். புதிய கருவிகளுக்கு அவ்வளவு நீண்ட காலக் கணக்கு இன்னும் சேரவில்லை.

வழக்கமான முறையே ஏற்கெனவே மிகச் சிறந்த பலனைத் தருவது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மூட்டு மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. இன்னொரு பக்கம், அறுவை நன்றாக நடந்தும் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் நெடுங்காலமாகப் பதிவாகி வரும் உண்மை. ரோபோ வந்ததால் அந்தக் குறை நீங்கிவிட்டது என்று யாராவது உறுதி கூறினால் நம்பாதீர்கள்.

ஆகவே என் ஆலோசனை இதுதான்: முதலில் மருத்துவரைத் தேர்ந்தெடுங்கள், கருவியைப் பிறகு பார்க்கலாம். ஆண்டுதோறும் நிறைய மூட்டு மாற்று அறுவைகளைச் செய்யும் அனுபவமிக்க மருத்துவர் வழக்கமான முறையில் செய்வதே போதும் என்றால், அதனால் நீங்கள் எதையும் இழந்துவிடப் போவதில்லை. அதே மருத்துவர் ரோபோவையும் நன்கு கையாள்பவராக இருந்து, கூடுதல் செலவு குடும்பத்தைக் கடனில் தள்ளாது என்றால், தாராளமாக அதைத் தேர்வு செய்யலாம். கால் மிகவும் வளைந்திருப்பவர்கள், பழைய எலும்பு முறிவால் தொடை எலும்பு கோணலாக இருப்பவர்கள், முன்பே தொடையில் கம்பியோ தகடோ வைக்கப்பட்டவர்கள், பகுதி மூட்டு மாற்று செய்துகொள்பவர்கள் ஆகியோருக்கு ரோபோவின் உதவி கூடுதலாகப் பயன்படும் என்பது என் எண்ணம்.

மருத்துவரிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்தக் கருவியில் இதுவரை எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள்? நடுவில் கருவி பழுதானால் வழக்கமான முறையில் முடித்துவிடுவீர்களா? கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகும்? (பொதுவாக 10 முதல் 30 நிமிடங்கள் வரை கூடும்.) ஊசி செலுத்திய இடங்களில் எலும்பு முறிவோ தொற்றோ ஏற்படும் வாய்ப்பு உண்டா? அது அரிதானது, ஆனால் ரோபோ முறைக்கே உரிய சிக்கல் என்பதால் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு கால்களையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால், இதயமும் நுரையீரலும் அதைத் தாங்குமா என்பதை இதய மருத்துவரிடமும் மயக்கவியல் மருத்துவரிடமும் தனியாக உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

செலவும் காப்பீடும்

செயற்கை மூட்டின் விலைக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. அப்போது வழக்கமான கோபால்ட் குரோமிய முழு மூட்டுக்கு 54,720 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டு, பின்னர் அவ்வப்போது திருத்தப்பட்டு வருகிறது. ஆகவே மதிப்பீட்டுத் தொகை மிக அதிகமாக இருந்தால், அந்த அதிகம் மூட்டிலிருந்து வருவதில்லை. ரோபோவுக்கான கட்டணம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உபகரணங்கள், ஸ்கேன், அறை வாடகை ஆகியவற்றிலிருந்து வருகிறது. மதிப்பீட்டை இந்தத் தலைப்புகளில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரோபோ அறுவை சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கி வைக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் அதற்கு எவ்வளவு தொகை வரை தருவது என்று துணை வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு இடமுண்டு, பல பாலிசிகளில் அப்படி வரம்பு இருக்கிறது. மேலும், மூட்டுத் தேய்மானத்துக்கான மாற்று சிகிச்சைக்குப் பாலிசி எடுத்த நாளிலிருந்து 2 அல்லது 3 ஆண்டுகள் காத்திருப்புக் காலம் இருப்பது வழக்கம். சேர்க்கைக்கு முன்பே முன் அனுமதிக் கடிதத்தைப் பெற்று, அதில் ரோபோ கட்டணம் அடங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், திட்டத்தில் உள்ள மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் மூட்டு மாற்று சிகிச்சை குறித்து முதலிலேயே விசாரிப்பது நல்லது.

அறுவைக்கு முந்தைய வாரங்கள்

இந்த அறுவையில் மிகவும் அஞ்ச வேண்டியது தொற்று. நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் வருகிறது என்றாலும், வந்துவிட்டால் பொருத்திய மூட்டையே எடுத்துவிட்டு மறுபடி அறுவை செய்ய வேண்டிய நிலை ஏற்படலாம். அதைத் தடுக்கும் வேலையில் பாதி நோயாளியின் வீட்டில்தான் நடக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரி அளவை (HbA1c) 7.5 முதல் 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே நாள் குறிக்க வேண்டும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்த் தொற்று, கால் விரல் இடுக்குப் புண், குதிகால் வெடிப்பு எதுவும் இருக்கக் கூடாது; இருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். முழங்காலுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், போட்ட தேதியை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் ஊசிக்குப் பிறகு மூன்று மாதமாவது கழித்தே அறுவை செய்வது பாதுகாப்பானது. புகைப்பவர்கள் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் வீட்டில் காலைச் சவரம் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகவும் கிருமி புகும்.

சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகள் உட்பட, ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சர்க்கரைக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு, குறைந்தது 3 நாட்களுக்கு முன்பே அவற்றை நிறுத்தச் சொல்வார்கள்.

பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து நொடி பிடித்து விடுவது, நீட்டிய காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது, வாக்கரைப் பிடித்து நடந்து பழகுவது ஆகிய மூன்றும் போதும். வலி இல்லாத நேரத்தில் கற்றுக்கொண்டதை உடல் மறப்பதில்லை.

வீட்டையும் தயார் செய்ய வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் கட்டாயம் தேவை. இல்லையென்றால் கமோடு நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். குளியலறையில் கைப்பிடியும் வழுக்காத விரிப்பும், கைப்பிடி உள்ள உயரமான நாற்காலியும், தரையிலிருந்து போதிய உயரத்தில் கட்டிலும் இருக்க வேண்டும். கால் தடுக்கும் மிதியடிகளையும் தரையில் ஓடும் ஒயர்களையும் அகற்றுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே படியேறக் கற்றுக்கொடுத்துவிடுவோம்.

அறுவை நாளும் முதல் சில நாட்களும்

பெரும்பாலும் முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். கூடவே தூங்கவைக்கும் மருந்தும் கொடுப்பதால் ரம்பத்தின் ஓசை உங்களைத் தொல்லைப்படுத்தாது. தொடையில் ஒரு நரம்புத் தடுப்பு ஊசியும் போடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அறுவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆயத்தத்தையும் மயக்கம் தெளியும் நேரத்தையும் சேர்த்தால், வெளியே காத்திருப்பவர்களுக்கு நான்கு மணி நேரம் போலத் தோன்றும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

அன்று மாலையோ மறுநாள் காலையோ வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்கச் சொல்வோம். 'புது மூட்டு நகர்ந்துவிடாதா' என்று கேட்காத நோயாளி இல்லை. எலும்பு சிமென்ட் அறுவை அரங்கிலேயே சில நிமிடங்களில் இறுகிவிடுகிறது. மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லாத வரை முழு எடையையும் போட்டு நிற்கலாம். முதல் நாள் நரம்புத் தடுப்பு மருந்தின் தயவால் வலி குறைவாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் அது விலகியதும் வலி கூடும். ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த இரண்டு நாட்களைக் கடப்பது எளிது. வலி மாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தவிர்ப்பதில் பெருமை ஏதுமில்லை, ஏனெனில் வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் இருந்தால்தான் மூட்டு இறுகிப்போகிறது. பொதுவாக 2 முதல் 4 நாட்களில் டிஸ்சார்ஜ் ஆகலாம்.

நான் வார்டில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி வலியில் முனகுகிறார். மகளோ மருமகளோ அன்போடு ஒரு தலையணையை மடித்து முழங்காலுக்கு அடியில் வைக்கிறார். கால் லேசாக மடங்கியதும் வலி குறைந்து அவர் கண்ணயர்கிறார். அந்த நிம்மதிதான் பின்னாளில் பெரும் தொல்லையாகிறது. மடங்கிய நிலையிலேயே மூட்டின் பின்பக்கம் இறுகிவிட்டால், கால் முழுதாக நீளாது; நீளாத காலால் நடந்தால் தொடைத் தசை ஓயாமல் உழைத்துக் களைக்கும், நடையும் நொண்டும். தலையணையை வைக்க வேண்டிய இடம் குதிகாலுக்கு அடியில். குதிகால் உயர்ந்து, முழங்காலின் பின்பக்கம் அந்தரத்தில் தொங்கும்படி, பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளில் பலமுறை வையுங்கள். மூட்டை மடக்குவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நீட்டுவதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் குறைவு. முதல் ஆறு வாரங்களில் நீட்டுவதே முக்கியம்.

வீட்டில் மூன்று மாதங்கள்

மடக்குவதில் இரண்டு வாரத்துக்குள் 90 பாகை, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் 110 முதல் 120 பாகை என்பது நல்ல இலக்கு. நாற்காலியில் அமர்ந்து, நல்ல காலைக் கொண்டு அறுவை செய்த காலை மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி மடக்கலாம். பயிற்சியின்போது வலி இருக்கும்; முடித்த அரை மணி நேரத்தில் அது தணிந்துவிட்டால் அளவு சரி, இரவு முழுக்க நீடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பிறகு துணி சுற்றிய ஐஸ் கட்டியால் 15 முதல் 20 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சூடான ஒத்தடம் வேண்டாம். எவ்வளவு முயன்றும் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மூட்டு மடங்கவில்லை என்றால், மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிடும் சிகிச்சை உண்டு. அதைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

வாக்கர் இரண்டு மூன்று வாரம், பிறகு கைத்தடி ஆறாவது வாரம் வரை என்பது பொதுவான போக்கு. தடியை அறுவை செய்யாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படியேறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் இறங்க வேண்டும். 12 முதல் 14 நாட்களில் தையலையோ ஸ்டேப்ளர் பின்னையோ எடுப்பார்கள். மேசை வேலை பார்ப்பவர்கள் நான்கு முதல் ஆறு வாரத்தில் அலுவலகம் செல்லலாம்; கார் ஓட்டவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் ஆகும். இரு சக்கர வாகனத்தில் காலை ஊன்றித் தாங்க வேண்டியிருப்பதால் இன்னும் பொறுத்திருப்பது நல்லது.

சில மாற்றங்கள் இயல்பானவை. தழும்புக்கு வெளிப்பக்கத்தில் ஒரு பகுதி மரத்துப்போயிருக்கும், அது நாளடைவில் சுருங்கினாலும் முழுமையாக மறையாமல் போகலாம். மூட்டு சில மாதங்களுக்குச் சூடாகவும் வீங்கியும் இருக்கும். நடக்கும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டும் 'டக்' ஒலி கேட்கலாம். முதல் சில வாரங்கள் இரவுத் தூக்கம் கெடும். பலர் இதை யாரிடமும் சொல்லாமல் தவிக்கிறார்கள். அது கடந்துபோகும். முழுமையாகத் தேறுவதற்கு ஓராண்டு வரை ஆகலாம் என்பதைக் குடும்பத்தாரும் மனத்தில் கொள்ள வேண்டும்; பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் ஓடினார் என்ற ஒப்பீடு யாருக்கும் உதவாது.

இவற்றுக்கு மாறாக, காயத்திலிருந்து நீரோ சீழோ கசிந்தால், காய்ச்சலுடன் குளிர் நடுக்கம் வந்தால், குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கெண்டைக்கால் கல்லைப் போல இறுகி வீங்கி வலித்தால் ரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டிருக்கலாம். அந்த இடத்தில் தைலம் தேய்த்து நீவிவிடவே கூடாது, உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். திடீர் மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ ஏற்பட்டால் 108-ஐ அழையுங்கள். உறைவைத் தடுக்கத் தரும் மாத்திரையையோ ஊசியையோ சொன்ன நாள் வரை விடாமல் எடுப்பதும், படுத்திருக்கும்போது கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருப்பதும் இதற்கான பாதுகாப்பு.

தரையில் அமர்வது, கும்பிடுவது, பயணம்

நம்மவர்கள் கடைசியாகத் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி, இனித் தரையில் உட்காரலாமா என்பது. குத்தவைத்து உட்கார்வதற்கு 130 பாகைக்கு மேல் மூட்டு மடங்க வேண்டும். மாற்றிய மூட்டு பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை, எட்டினாலும் அந்த நிலையில் பாலிஎத்திலீன் தகட்டின் மேல் அழுத்தம் மிகவும் கூடுகிறது. ரோபோ முறையில் செய்துகொண்டவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. சம்மணமிடுவதைச் சில மருத்துவர்கள் எப்போதாவது அனுமதிக்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள். உங்கள் மூட்டைப் பொருத்தியவர் சொல்வதையே பின்பற்றுங்கள். தொழுகைக்காகவோ தேவாலயத்திலோ மண்டியிடுவதால் மூட்டு உடைந்துவிடாது, ஆனால் தழும்பின் மேல் அழுத்தம் உறுத்தும் என்பதால் பலர் நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதற்குப் பழகிக்கொள்கிறார்கள். நடைப்பயிற்சி, நீச்சல், மிதிவண்டி ஆகியவை நல்லவை. ஓட்டம், குதித்தல், கனமான சுமையைத் தூக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

பல் பிடுங்குதல் போன்ற அவசரமில்லாத சிகிச்சைகளை அறுவைக்குப் பின் மூன்று மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். அதற்குப் பிறகும் செயற்கை மூட்டு இருப்பதைப் பல் மருத்துவரிடம் தெரிவியுங்கள். விமான நிலையத்தில் உலோகச் சோதனைக் கருவி ஒலிக்கும். காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கைக்கருவியால் சோதித்து அனுப்புவார்கள். பொருத்திய மூட்டின் நிறுவனம், அளவு, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்ட ஒட்டுச்சீட்டை டிஸ்சார்ஜ் அறிக்கையுடன் கேட்டுப் பெற்று, ஒரு நகலைப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து நடுத்தகட்டை மட்டும் மாற்ற வேண்டிய நிலை வந்தால், எந்த ஊர் மருத்துவராக இருந்தாலும் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஓராண்டு நிறைவு ஆகிய மறுபரிசோதனைகளுக்குப் பிறகும், வலி இல்லை என்றாலும், மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தகடு தேய்வதும் மூட்டு தளர்வதும் வலி தொடங்கும் முன்பே படத்தில் தெரிந்துவிடக்கூடியவை.